பேஸ்மென்ட் வேண்டாம், பெட்ரூம் போதும்... ஒன்றரை லட்சத்தில் ஹோம் தியேட்டர் சாத்தியமா?

சனிக்கிழமை இரவு. தியேட்டரில் தவறவிட்ட படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. ஹாலில் 43 இன்ச் டிவி. முக்கியமான சீன்ல ஹீரோ கிசுகிசுன்னு ஏதோ சொல்றார், ஒண்ணும் புரியல. ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டினால், அடுத்த நொடியே சண்டைக் காட்சி. "சத்தத்தைக் கொறைடா, இப்பதான் பாப்பா தூங்குது" என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல்.

பல வீடுகளில் ஹோம் தியேட்டர் ஆசை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. யூடியூபில் தேடினால் வரிசையாக வீடியோக்கள் வரும். பெரும்பாலும் அமெரிக்காவிலோ கனடாவிலோ எடுத்தவை. வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டை, ஜிப்சம் போர்டு அடித்து, கார்பெட் போட்டு, குட்டி தியேட்டராக மாற்றியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆன்லைன் சேலில் அவசரமாக ஒரு புரொஜக்டரை ஆர்டர் போடுவது அடுத்த கட்டம். ஆறு மாதம் கழித்து அந்த புரொஜக்டர் பரணில் இருப்பது மூன்றாவது கட்டம்.

ஏன் இப்படி ஆகிறது? காசு குறைவாகப் போட்டதால் அல்ல, பெரும்பாலும் தப்பான வரிசையில் போட்டதால். சரியாகத் திட்டமிட்டால், 10-க்கு 12 அடி அறையில், சுமார் ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் நல்ல ஹோம் தியேட்டரைக் கொண்டுவர முடியும். எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

அவர்கள் ஏன் பேஸ்மென்ட்டில் கட்டுகிறார்கள்?

வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போட வேண்டியிருப்பதால், பல பகுதிகளில் வீட்டோடு பேஸ்மென்ட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஹோம் தியேட்டருக்கு அது இயல்பாகவே பொருந்தும். காரணம் மூன்று: ஜன்னல் குறைவு என்பதால் இருட்டு. சுற்றிலும் மண் என்பதால் சத்தம் வெளியே போகாது. பெரும்பாலும் சும்மா கிடக்கும் இடம்.

நம்ம ஊர் கதை வேறு. அபார்ட்மென்ட்டில் பேஸ்மென்ட் என்றால் கார் பார்க்கிங். தனி வீட்டில் கீழ்த்தளம் கட்டினாலும், 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசி யாரும் அங்கே எலக்ட்ரானிக் பொருளை வைக்கத் துணிய மாட்டார்கள்.

ஆனால், அந்த மூன்று குணங்களையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். இருட்டு, சத்தம் அடங்கிய சூழல், சும்மா கிடக்கும் இடம். இரண்டாவது பெட்ரூமோ, மாடியில் இருக்கும் ஒற்றை அறையோ இதற்குப் போதும். பொங்கலுக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தால் அதே அறையில்தான் தங்க வேண்டுமா? அதுவும் பிரச்சினை இல்லை. சோஃபா கம் பெட் போட்டுக்கொண்டால் ஒரே அறை இரண்டு வேலையும் பார்க்கும்.

எந்த அறையைத் தேர்ந்தெடுப்பது?

சதுரமான அறையை முடிந்தவரை தவிருங்கள். இதற்குப் பின்னால் எளிமையான இயற்பியல் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு இடையே குறிப்பிட்ட சில அலைவரிசைகள் மோதித் திரும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வீங்கிவிடும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் சத்தம் 'பூம்... பூம்...' என்று குடத்துக்குள் அடித்தது மாதிரி கேட்பது இதனால்தான்.

உட்காரும் இடமும் முக்கியம். அறையின் சரியான நடுவில் உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் சத்தம் ஏறக்குறைய காணாமல் போகும். பின்சுவரில் ஒட்டி உட்கார்ந்தால் அது அளவுக்கு மீறி இடிக்கும். எனவே 12 அடி அறையில், திரையிலிருந்து சுமார் 9 அடியில் உட்கார்ந்து, பின்னால் 3 அடி விடுவது நல்லது.

மொட்டை மாடி அறை என்றால் தனிமை கிடைக்கும், ஆனால் வெயில் நேராக இறங்கும். ஏசி இல்லாமல் சித்திரை மாதத்தில் அங்கே இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. மூடிய அறையில் ஒவ்வொருவரின் உடம்பிலிருந்தும் சுமார் 100 வாட் வெப்பம் வரும். புரொஜக்டர் தன் பங்குக்கு 200, 300 வாட் வரை சேர்க்கும். ஏசி செலவை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரை எவ்வளவு பெருசு?

"எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது" என்பது பாதி உண்மைதான். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்ததுதான் எல்லாமே. சுலபமான கணக்கு இது: உட்காரும் தூரத்தை இன்ச்சில் அளந்துகொள்ளுங்கள். அதை 1.6-ஆல் வகுத்தால் வசதியாகப் பார்க்கத் தேவையான அளவு. 1.2-ஆல் வகுத்தால் தியேட்டரில் உட்கார்ந்த உணர்வைத் தரும் அளவு.

9 அடி என்றால் 108 இன்ச். முதல் கணக்கில் 67 இன்ச், இரண்டாவதில் 90 இன்ச். அதாவது, 10-க்கு 12 அடி அறையில் 65 முதல் 90 இன்ச் வரை போதும். 120 இன்ச், 150 இன்ச் என்ற விளம்பரங்கள் உங்கள் அறைக்கானவை அல்ல. முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தது போல கழுத்து வலிதான் மிஞ்சும்.

டிவியா, புரொஜக்டரா?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பகலிலும் பார்ப்பீர்கள், கிரிக்கெட்டும் சீரியலும் உண்டு, அறையை முழுக்க இருட்டாக்க முடியாது என்றால் 65 இன்ச் 4கே டிவியே சரி. இரவில் மட்டும், படம் மட்டும், பெரிய திரையில் என்றால் புரொஜக்டர்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். புரொஜக்டரால் வெளிச்சத்தைத்தான் பாய்ச்ச முடியும், கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் தெரியும் கறுப்பு என்பது, அந்த அறையில் இருக்கும் இருட்டுதான். ட்யூப்லைட் எரிந்தால் உங்கள் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதை மாற்ற முடியாது.

விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல சேதி: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் புரொஜக்டர்களுக்கும் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை அப்படியே நம்ப வேண்டாம்.

'9,000 லூமன்ஸ்' என்கிறார்களே, உண்மையா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் இந்த வசனத்தைக் கேட்காமல் வர முடியாது. "அண்ணா, 9,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட், வெறும் எட்டாயிரம் ரூபாதான்."

இதில் இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது 'லூமன்ஸ்'. அதற்கு முன்னால் ஏஎன்எஸ்ஐ அல்லது ஐஎஸ்ஓ என்று இருக்கிறதா பாருங்கள். இவை திரையில் விழும் வெளிச்சத்தை முறைப்படி அளக்கும் தரநிலைகள். வெறும் 'லூமன்ஸ்' என்று மட்டும் இருந்தால், அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது 'சப்போர்ட்'. 4கே சப்போர்ட் என்றால் 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். வெளியே காட்டுவது 1280-க்கு 720 பிக்சலாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, "நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?" 1920-க்கு 1080 என்று பதில் வந்தால் பட்ஜெட்டுக்கு அது போதும்.

சரி, உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கான தர அளவு, திரையில் 48 நிட்ஸ். 90 இன்ச் திரையின் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். சாதாரண வெள்ளைத் திரையில், முழு இருட்டில், அந்த அளவை எட்டச் சுமார் 340 உண்மையான லூமன்ஸ் போதும். ஆச்சரியமாக இருக்கிறதா? ஆனால், துல்லியமான நிறம் தரும் சினிமா மோடில் வெளிச்சம் குறையும், நாளாக ஆக லேம்ப்பும் மங்கும். எனவே இரண்டு, மூன்று மடங்கு கையிருப்பு வேண்டும். 800 முதல் 1,000 ஏஎன்எஸ்ஐ லூமன்ஸ் இருந்தால் இருட்டறைக்குத் தாராளம். அறையில் வெளிச்சம் இருந்தால் 3,000 லூமன்ஸ்கூட திணறும். அதிக லூமன்ஸ் வாங்கும் காசில் நல்ல கர்ட்டன் வாங்குவது லாபம் என்பது இந்தக் கணக்கில் புரியும்.

வாங்கும் முன் 'த்ரோ ரேஷியோ'வையும் பாருங்கள். திரையின் அகலத்தை இந்த எண்ணால் பெருக்கினால், புரொஜக்டரை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 90 இன்ச் திரையின் அகலம் சுமார் 6.5 அடி. ரேஷியோ 1.2 என்றால் 7.8 அடி தூரம். 1.5 என்றால் 9.8 அடி. 2 என்றால் 13 அடி, அதாவது உங்கள் 12 அடி அறைக்குள் அது அடங்காது. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கதவைத் திறந்து வராந்தாவில் ஸ்டூல் போட்டு புரொஜக்டர் வைக்க வேண்டிய நிலை வரலாம்.

படத்தைவிட சவுண்டுக்கு முக்கியத்துவம்

சுமாரான படத்தை நல்ல சவுண்டோடு பார்க்கலாம். நல்ல படத்தைச் சுமாரான சவுண்டோடு பார்க்க முடியாது. வசனம் புரியாமல் போவதுதான் முதல் எரிச்சல். 5.1 அமைப்பில் வசனத்தைச் சுமப்பது நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கர். 5.1 ஒலியை இரண்டு சின்ன டிவி ஸ்பீக்கரில் திணிக்கும்போது, இசையும் இரைச்சலும் வசனத்தை அமுக்கிவிடுகின்றன. ஹீரோ கிசுகிசுத்தது கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் மூன்று விதமாகக் கிடைக்கும்.

முதலாவது சவுண்ட்பார். வைப்பது சுலபம். ஆனால் ஒற்றைப் பட்டையாக முன்னால் மட்டும் இருக்கும் மாடலில், பின்னாலிருந்து வரும் சத்தத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, வயர் கொண்ட பின் ஸ்பீக்கர்களோடு வரும் 5.1 ரெடிமேட் செட். ரூ.15,000 முதல் ரூ.25,000 வரையில் நல்ல ஆரம்பம்.

மூன்றாவது, ஏவி ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும். செலவு அதிகம். ஆனால் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். சம்பளம் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தரம் உயர்த்தலாம்.

வாட்ஸ் விஷயத்திலும் உஷார். 'பிஎம்பிஓ 5,000 வாட்ஸ்' என்ற எண்ணுக்கு நடைமுறையில் மதிப்பே இல்லை. ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் 50 வாட்ஸ், 100 வாட்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். 12 அடி அறைக்கு 50 வாட்ஸே அதிகம்.

டால்பி அட்மாஸ் வேண்டாமா? 2012-ல் 'பிரேவ்' என்ற ஹாலிவுட் அனிமேஷன் படத்தோடு வந்த தொழில்நுட்பம் அது. அதே ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி 3டி' மூலம் தமிழுக்கும் வந்துவிட்டது. தலைக்கு மேலிருந்து சத்தம் வருவதுதான் அதன் சிறப்பு. அதற்கு மேலே ஸ்பீக்கர் வேண்டும், அல்லது கூரையில் மோதித் திரும்பும்படி மேல்நோக்கிய ஸ்பீக்கராவது வேண்டும். இரண்டும் இல்லாத சவுண்ட்பாரில் ஒட்டியிருக்கும் அட்மாஸ் ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். முதலில் 5.1-ஐ ஒழுங்காக அமையுங்கள்.

எங்கே எதை வைப்பது?

முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். கோணமானி தேவையில்லை. 9 அடி தூரத்தில் உட்கார்ந்தால், திரையின் நடுவிலிருந்து இரு பக்கமும் 4 அடி தள்ளி வைத்தால் 24 டிகிரி வந்துவிடும். உயரம் காது மட்டத்துக்கு. பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் உங்கள் தோளுக்கு நேராகவோ, கொஞ்சம் பின்னால் தள்ளியோ, காதுக்கு ஓர் அடி மேலே.

சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடியே கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ, அதுதான் சப்வூஃபருக்கான இடம். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, பலன் உண்டு.

சுவர்தான் முதல் வில்லன்

வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே காப்பி அடிக்க முடியாததற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் போர்டு, கீழே கார்பெட். இங்கே செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று உலோகம் மாதிரி எதிரொலி வந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே வீண்.

தீர்வு பெரிய செலவில்லை. தரையில் கனமான கார்பெட். வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்தால் இரண்டாக மடித்துப் போட்டும் ஆரம்பிக்கலாம். ஜன்னலுக்குக் கனமான பிளாக்அவுட் கர்ட்டன், மடிப்புகள் நிறைய விழும்படி ஜன்னலைப் போல இரண்டு மடங்கு அகலத்தில். பின்சுவரில் புத்தக அலமாரி. துணி சோஃபா.

அடுத்த கட்டம் ராக்வூல் பேனல். 4-க்கு 2 அடி மரச்சட்டத்தில் 2 இன்ச் தடிமன் ராக்வூலை வைத்து, துணி சுற்றி, பக்கச் சுவர்களில் மாட்டலாம். எங்கே மாட்டுவது? நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். நண்பர் ஒருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல். ராக்வூலை வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

முட்டை அட்டை ஒட்டலாமா? வேண்டாம். பலன் மிகக் குறைவு, தீப்பிடித்தால் ஆபத்து. மலிவான ஃபோமுக்கும் அதே எச்சரிக்கைதான். இன்னொன்று, கர்ட்டனும் பேனலும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. 'சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்' என்று விற்பதை நம்பி ஏமாற வேண்டாம்.

பக்கத்து ஃபிளாட்காரர் சண்டைக்கு வந்தால்?

சத்தம் காற்று போகும் வழியெல்லாம் போகும். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். சில நூறு ரூபாய் வேலை, ஆனால் வித்தியாசம் தெரியும். பேஸ் மட்டும் கான்கிரீட் வழியாகவே பயணிக்கும். சப்வூஃபருக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டால் கொஞ்சம் குறையும். முழுக்கத் தடுக்காது.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. ரிசீவரில் 'நைட் மோட்' இருக்கும். வெடிச்சத்தத்தை அடக்கி வசனத்தைத் தூக்கிக் காட்டும். பாப்பா தூங்குற வீட்டுக்கு இது ரொம்பவே உதவும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

சொந்த வீடு என்றால், பெயின்ட் அடிக்கும் முன் சுவருக்குள் ஒரு இன்ச் பைப்பைப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு கேபிள் மாற்ற வேண்டி வந்தால் சுவரை உடைக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இந்த அறைக்குப் போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரை ஒதுக்குங்கள். 10 மீட்டரைத் தாண்டும் எச்டிஎம்ஐ கேபிளில் 4கே சிக்னல் தடுமாறலாம். அவ்வளவு நீளம் வேண்டுமென்றால் ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதில் எந்த முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் வேலை செய்யாது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் அவசியம். லேம்ப் உள்ள புரொஜக்டர் என்றால், திடீரென்று கரன்ட் போகும்போது ஃபேனும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். சின்ன யுபிஎஸ் இருந்தால் லேம்ப் ஆறும்வரை தாக்குப்பிடிக்கும்.

ஸ்ட்ரீமிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மலிவு புரொஜக்டர்கள் பலவற்றில் உள்ள ஓடிடி ஆப்கள், முறையான உரிமச் சான்று இல்லாததால் எச்டி தரத்தில் ஓடாது, அல்லது திறக்கவே திறக்காது. தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகுவது பாதுகாப்பு. 4கே-வுக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்பிபிஎஸ். அதோடு உங்கள் சந்தாவும் 4கே தரத்துக்கானதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் முடியுமா?

தாராளமாக. சுவரில் துளை போடாமல் ஸ்டாண்ட்களில் ஸ்பீக்கர்களை நிறுத்தலாம். வயர்களைச் சுவரோர கேசிங்கில் ஒட்டலாம். அடர் நிறப் பெயின்ட் அடித்தால், காலி செய்யும்போது ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். அதற்குப் பதில், திரைக்குப் பின்னால் அடர் நிறத் திரைச்சீலையை ராடில் தொங்கவிடுங்கள். வேலை ஒன்றுதான், கிளம்பும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.

மொத்த பட்ஜெட் என்ன?

தோராயமான கணக்கு இது. பிராண்ட், சலுகையைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம்.

• 1080பி நேட்டிவ் புரொஜக்டரும் திரையும், அல்லது 65 இன்ச் 4கே டிவி: ரூ.65,000
• 5.1 ஏவி ரிசீவர்: ரூ.30,000
• ஐந்து ஸ்பீக்கர்கள், சப்வூஃபர்: ரூ.30,000
• கர்ட்டன், கார்பெட், ராக்வூல் பேனல்: ரூ.12,000
• வயரிங், சர்ஜ் ப்ரொடெக்டர், ஸ்டாண்ட்: ரூ.8,000
• ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: ரூ.5,000

மொத்தம் ரூ.1,50,000. ஏசியும் சோஃபாவும் இதில் சேராது.

"அவ்ளோ காசு இப்ப இல்லையே" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இருக்கும் டிவியை வைத்துக்கொண்டே, முதல் மாதம் கர்ட்டனும் கார்பெட்டும். அடுத்து ரூ.20,000-க்குள் ஒரு 5.1 செட். போனஸ் வரும்போது பெரிய திரை. இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசம் தெரியும். திரையை முதலில் வாங்கினால், மற்ற இரண்டும் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் நடக்காமலே போய்விடும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பொத்தானை அழுத்தும் முன் ஒரு நிமிடம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. பொருளின் விலையில் கிடைக்க வேண்டிய தள்ளுபடி, பிராசசிங் கட்டணம், வட்டியின் மீதான ஜிஎஸ்டி என்று ஏதோ ஒரு வடிவில் அது வந்து சேரும். மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை, இஎம்ஐ-யில் கடைசி வரை கட்டினால் என்ன விலை, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வாரக் கடைசியில் செலவில்லாமல் செய்ய மூன்று வேலைகள்

ஒன்று, அறையை மதியம் 12 மணிக்கு மூடிப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கை தட்டிப் பாருங்கள். எதிரொலியைக் கேளுங்கள்.

மூன்று, பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 65 இன்ச், 90 இன்ச் அளவுகளில் சுவரில் திரையை வரைந்துகொள்ளுங்கள். 9 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள். வீட்டில் எல்லோரையும் உட்கார வையுங்கள், முக்கியமாக அம்மாவை. எந்த அளவு கண்ணுக்குச் சரி, ரிமோட் எத்தனை இருந்தால் அவர் தனியாக ஒரு படத்தைப் போட்டுக்கொள்வார் என்று கேளுங்கள். ஒரு வாரம் அந்தத் தாள் சுவரிலேயே இருக்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், கர்ட்டன் கடையிலிருந்து ஆரம்பியுங்கள்.